இலை உதிரும் திங்கள்

மொழிபெயர்ப்பு நூல்களைப் பயிலும் மாணவர் பலர், 'இலையுதிர் காலம்' என்னும் தொடரைக் கண்டவுடன் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களை எண்ணிக்கொள்கின்றனர். ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்ற பள்ளிக்கரணையிலோ, அத்திங்கள்களில் வடகிழக்குப் பருவமழையால் சதுப்பு நிலம் நிறைய, மரங்கள் பசுமை பூண்டு நிற்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுதுகள் ஆறனுள் இலையுதிர்வால் பெயர்பெற்றது ஒன்றும் இல்லை.

எனில், நம் மரங்கள் இலை உதிர்ப்பதில்லையா? மாசி, பங்குனியில் வாசல் பெருக்கும் தாய்மாரைக் கேட்டால் விடை கிடைக்கும்! வேம்பு பழுத்து உதிர்க்கும். சின்னாளிலேயே செந்தளிர் ஈனும். அரசும் அவ்வாறே. நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் உதிருமுன் செந்நிறம் கொள்ளும். அது ஆண்டில் இருமுறை உதிர்ப்பதும் உண்டு. மேனாட்டு ஓவியங்களில் நாம் வியக்கும் வண்ணம் நம் தெருமுனையிலேயே கிடக்கின்றது.

ஆங்குக் குறுகும் பகலும் குளிரும் உதிர்வைத் தூண்டும். ஈண்டு, மழை ஓய்ந்தபின் நிலம் வறள்தலே பெரிதும் காரணம். நீரிழப்பைக் குறைக்க வேண்டி, மரம் இலைக்காம்பின் அடியில் பிரிபடலம் ஒன்றை அமைத்து இலையைக் கழிக்கின்றது.

தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்கினார். பின்பனியாவது மாசியும் பங்குனியும். பாலைப் பாடல்களில் வரும் இலையற்ற மரங்களை வெறும் கற்பனை என்று கொள்வோர், அத்திங்களில் கல்லூரி வாயில் வரை ஒருமுறை நடந்து வருக.