பழைய சரக்கு வண்டியில் மின்கோளாறு: செலவுக்கு முன் சோதனை

கடைக்குச் சரக்கு எடுத்து வர நம்மில் பலர் புது வண்டி வாங்குவதில்லை. கைமாறி வந்த பிக்கப் வேனோ, குட்டி யானையோதான் நமக்குக் கட்டுபடியாகிறது. எஞ்சினையும் டயரையும் பார்த்துப் பேரம் முடிக்கிறோம். வயரிங்கை யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு மார்க்கெட் போகக் கிளம்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அன்றைய காய்கறி வியாபாரம் அதோடு போயிற்று.

"பேட்டரி போச்சு" என்பார்கள், மாற்றுகிறோம். பத்து நாளில் மறுபடியும் அதே தொல்லை. "அப்படியானால் டைனமோதான்" என்பார்கள், அதையும் மாற்றுகிறோம். கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த ஓர் எர்த் கம்பிதான் காரணமாக இருக்கும். பழைய வண்டியில் பாகம் கெடுவதைப் போலவே இணைப்பும் கெடும். எடை போடாமல் சரக்கு வாங்காத நாம், அளந்து பார்க்காமல் பேட்டரி வாங்கலாமா? சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வண்டியில் வைத்திருந்தால் போதும். கீழ்க்கண்ட சோதனைகளை நாமே செய்யலாம், அல்லது எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

1. பேட்டரியும் சார்ஜும்

இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். நல்ல சார்ஜ் இருந்தும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி நைந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.6-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. உடனே ஆல்டர்னேட்டரை இறக்க வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, அதன் பின்னால் உள்ள கம்பி கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. விட்டுவைத்தால் பேட்டரி கொதித்துப் பாழாகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா" என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எழும் அதிக வோல்டேஜ் நல்ல ஆல்டர்னேட்டரின் டயோடையே எரித்துவிடும்.

2. எர்த் இணைப்பு

விளக்குக்கும் செல்ஃபுக்கும் மின்சாரம் கம்பி வழியே போகிறது. திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடல் வழியே. எஞ்சின், சேஸிஸ், கேபின் மூன்றையும் பேட்டரியின் மைனஸ் முனையோடு இணைப்பவை எர்த் பட்டைகள். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருவால் 0.02 ஓம் தடை வந்தாலே 2 வோல்ட் வழியில் வீணாகிவிடும். பேட்டரி புதிதாக இருந்தும் செல்ஃப் முக்குவது இதனால்தான்.

சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, வாஸ்லைன் தடவ வேண்டும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குகிறதா? பின்விளக்கின் எர்த் விட்டுப்போய், மின்சாரம் அடுத்த பல்பு வழியாகத் திரும்புகிறது. பல்பு மாற்றிப் பயனில்லை.

உப்பு மூட்டை ஏற்றும் வண்டிக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. ஈர உப்பு கசிந்து தளத்தின் அடியில் உள்ள எர்த் போல்ட்டையும் பின்விளக்குக் கம்பியையும் அரிக்கும். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கவும்; இறக்கியதும் தண்ணீர் விட்டுக் கழுவவும்.

பேட்டரி முனையில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடிக்கு நம் கடையிலுள்ள சமையல் சோடாவே மருந்து. தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்க்கவும். மூடித் துளை வழியே உள்ளே போகாமல் பார்க்கவும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

3. நிற்கும்போது தீரும் சார்ஜ்

பழைய சொந்தக்காரர் மாட்டிய டேப், கூடுதல் ஹார்ன், அலங்கார விளக்கு இவற்றின் கம்பிகள் சாவியைத் தாண்டி நேரே பேட்டரியில் சேர்ந்திருக்கலாம். 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் 0.4 ஆம்பியர். சனி இரவு நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத் திங்கள் காலை எடுத்தால் 15 ஆம்பியர்-மணி போயிருக்கும். பழைய பேட்டரிக்கு அது தாங்காது.

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மைனஸ் கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்கவும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவவும்; எதை உருவியதும் எண் இறங்குகிறதோ, கோளாறு அந்த வரிசையில். மீட்டர் இடையில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும்.

4. பியூஸ்

பியூஸ் அடிக்கடி போனால் எங்கோ கம்பி உரசுகிறது என்று பொருள். சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி ஓட்டினால், பியூஸுக்குப் பதில் கம்பி உருகும். தீ பிடித்தால் வண்டியோடு சரக்கும் போகும். பட்டை பியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன நிறத்துக்கு அதே நிறம்தான் போட வேண்டும். கதவுக் கீல், பின்பலகை, சேஸிஸ் விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் கம்பி தேய்ந்திருக்கிறதா என்று முதலில் தேடவும்.

பழைய வண்டி வாங்கப் போகும்போதும் மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். மேலே சொன்ன பேட்டரி, சார்ஜ், எர்த் அளவுகளைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து உள்ளே வெள்ளித்தாள் தெரிந்தால், வயரிங் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அளவுகளைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பட்டறையில் "இதை மாற்ற வேண்டும்" என்றால், "எத்தனை வோல்ட் காட்டுகிறது?" என்று கேளுங்கள். அளந்து சொல்பவரிடம் வண்டியை விடுங்கள்.