அப்பாவின் முன் நிற்கக் கற்றுக்கொடுத்த நாவல்

இராமாநுஜர் கதையைக் கேட்காமல் திருப்புட்குழியில் யாரும் வளர்வதில்லை. யாதவப் பிரகாசரிடம் அவர் பாடம் கேட்டது எங்கள் ஊரில்தான். உபநிடத வரி ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன விளக்கம் தாளாமல், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சீடனின் கண்ணீர் குருவின் தொடையில் சுடச்சுட விழுந்ததாம். சின்ன வயதில் எனக்கு அது விஜயராகவப் பெருமாள் கோயில் திண்ணையில் கேட்ட பல கதைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராமின் தமிழில் படித்தேன். 1922இல் ஜெர்மன் மொழியில் வந்த நாவல். ஹெஸ்ஸேக்கு இந்தியா குடும்பத்தோடு வந்த உறவு: அவர் தாய் பிறந்தது கேரளத்துத் தலச்சேரியில். தாத்தா குண்டர்ட் மலையாள அகராதி தொகுத்தவர்.

நாவலின் நாயகன் சித்தார்த்தன் புத்தர் அல்ல, வேறொருவன். வீட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு, அவன் இரவு முழுக்கக் கைகட்டி நிற்பான். தந்தை அடிக்கடி எழுந்துவந்து பார்ப்பார். அவன் எதிர்த்துப் பேசவில்லை, பணிந்தும் போகவில்லை. பின்பு புத்தரையே வணங்கிவிட்டுத் தன் வழியில் போகிறான். கண்ணீர் விட்ட எங்கள் ஊர்ச் சீடரும் அப்படிப் பிரிந்தவர்தானே! அந்த யாதவப் பிரகாசரே பிற்பாடு இராமாநுஜருக்குச் சீடரானார் என்கிறது வைணவ குருபரம்பரைக் கதை.

அப்போது எங்கள் வீட்டில் தினமும் சண்டை. நான் தமிழ் எம்.ஏ. சேர வேண்டும் என்றேன். அப்பா ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகச் சொன்னார். ஒருநாள் கத்தாமல் அவர் எதிரில் போய் நின்றேன்.

"என்னடா, ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேம்பா."

அவர் ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் எங்களுக்குள் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை.

இத்தகைய நாவலைப் படித்தால் பிள்ளை சாமியாராகிவிடுவான் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். என்னை அது வீட்டோடு இன்னும் நெருக்கமாக்கியது. படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்வேன்: கமலா என்ற கணிகையும் வியாபாரமும் வரும் நடுப்பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், அங்கே சித்தார்த்தனுக்கு வரும் சலிப்பு இல்லாமல், கடைசியில் அவன் தெளிவு பெறும் ஆற்றங்கரை விளங்காது. முடித்த கையோடு பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். பத்து வருடம் கழித்துத் திரும்பப் படியுங்கள். சித்தார்த்தனின் மகன் ஓடிப்போகும் இடம் இருபது வயதில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மகன் பிறந்தபின் அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை.

கல்லூரி முடிக்கும் பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தர நினைத்தால் இந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். படித்தாயா, என்ன புரிந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.