காலைக் கூட்டத்தின் முதல் கேள்வி



மணிமங்கலம், படப்பை வட்டாரத்தில் இரண்டு வியாபாரிகள் சந்தித்தால் முதலில் பேசுவது, "கடையில் ஆள் நிற்பதில்லை" என்பதைத்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே கிடைக்கும் பஸ்ஸும் கேன்டீனும் மளிகைக் கடையில் கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில், "இங்கே என்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்ற எண்ணத்தைக் கொடுக்க முடியும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்றைப் பார்ப்போம்.

ஜப்பானிய நிறுவனங்களில் வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசுவதை 'சோரெய்' என்பார்கள். நாமும் ஷட்டரைத் தூக்கியதும் ஆட்களை அழைத்துப் பேசத்தான் செய்கிறோம். ஆனால், "பாக்கி ஏன் வரவில்லை? சர்க்கரை மூட்டை ஏன் நனைந்தது?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. விசாரணையில் தொடங்கும் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

விப்ரோ நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைப் பிரிவில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரிடம், "வேலையில் நீங்கள் மிகச் சிறப்பாக இருப்பது எப்போது?" என்ற வகையில் கேட்டு, பதிலைக் குழுவினரிடம் சொல்லச் செய்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், வேலையை விட்டுப் போனவர்கள் இந்த இரண்டாம் பகுதியில் குறைவு. இவர்களிடம் பேசிய வாடிக்கையாளர்களுக்கும் திருப்தி அதிகம்.

எங்கள் மண்டியில் வாரம் இருமுறை, பத்து நிமிடம் இப்படிக் கூடுகிறோம். ஒருநாள், "உங்கள் ஊரில் துவரம்பருப்புக்கு என்ன பெயர்?" என்று கேட்டோம். மூட்டை தூக்கும் ஒடிசா தம்பி 'ஹரட' என்றார். பீகார் தம்பி 'அர்ஹர்' என்றார். எடை போடும் நம் ஊர்க்காரர் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டார். தொழிற்சாலை அறைகளில் தங்கியிருப்பவர்கள் வந்து கேட்டால், இப்போது அவரே சரக்கை எடுத்துக் கொடுக்கிறார். தனித்தனியாகச் சாப்பிட்டவர்கள் சேர்ந்து உட்காரவும் தொடங்கினார்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஒரு நாளைக்கு ஒரே கேள்வி. எல்லோராலும் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "எந்த வேலையில் நேரம் போவதே தெரியாது?", "இந்த வாரம் யார் உங்களுக்குக் கை கொடுத்தார்?" போன்றவை நல்லவை.

2. முதலாளி முதலில் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்.

3. சாதி, கல்யாணம், கடன் பற்றிக் கேட்கவே கூடாது. பதில் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

4. தமிழ் தெரியாதவர் தம் மொழியிலேயே சொல்லட்டும். தெரிந்தவர் எடுத்துச் சொல்லலாம்.

5. கேட்ட பதிலைக் கல்லாவில் உட்கார்ந்து கேலி பேசக் கூடாது. ஒருமுறை கேலி செய்தால் மறுமுறை உண்மை வராது.

6. கேட்டால் செய்ய வேண்டும். "எந்த வேலை உடம்பை வாட்டுகிறது?" என்று கேட்டு, "நின்று நின்று கால் வலிக்கிறது" என்று பதில் வந்தால், அன்றே ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத் திருத்தமே கொண்டுவந்திருக்கிறது.

பாக்கியும் இருப்பும் பேச வேண்டியவைதாம். முதல் கேள்விக்குப் பிறகு அவற்றைப் பேசுங்கள். ஒன்றையும் சொல்லிக்கொள்ள வேண்டும்: குறைந்த சம்பளத்துக்கு இது ஈடாகாது. நியாயமான கூலி கொடுக்கும் கடையில்தான் இந்தக் கேள்விக்கு மதிப்பு. அப்படிக் கொடுக்கும் நண்பர்கள் வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.