இயற்கை கொடுத்தது எது? ஊர் கொடுத்தது எது?



“அடுப்படி பொம்பளைக்கு, வெளி வேலை ஆம்பளைக்கு. அது இயற்கை” என்று சொல்லக் கேட்டிருப்போம். இது உண்மையா? இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

பால், பாலினம்

உடலோடு பிறப்பது பால். கருவைச் சுமப்பதும், பிள்ளை பெறுவதும், தாய்ப்பால் கொடுப்பதும் இதில் வரும். வீடும் ஊரும் சொல்லிக்கொடுத்து வருவது பாலினம். இங்கிலாந்துச் சமூகவியல் அறிஞர் ஆன் ஓக்லி 1972-ல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். நடத்தையில் உடம்புக்கும் பங்கு உண்டு என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். சராசரியாக ஆணுக்கு உடல் பலம் கூடுதல் என்பதும் சரிதான். ஆனால் பலத்தைப் பார்த்தா வேலையைப் பிரித்தார்கள்?

யோசித்துப் பாருங்கள்

* வீட்டில் தினமும் சமைப்பது பெண். கல்யாண வீட்டில் சம்பளம் வாங்கிச் சமைப்பது பெரும்பாலும் ஆண்.
* கட்டட வேலையில் செங்கலும் கலவையும் சுமப்பது சித்தாள். கரண்டி பிடிக்கும் கொத்தனாருக்குத்தான் கூலி அதிகம்.

இடமும் காலமும் மாறும்போது ஒரு வேலை கை மாறினால், அது இயற்கை அல்ல, பழக்கம்.

புதுக்கோட்டை காட்டிய வழி

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கேலி பேசினார்கள். ஆனாலும் கூலி வேலை செய்தவர்கள், குவாரித் தொழிலாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போனது. அவர்கள் உடம்பு மாறவில்லை, ஊர் வழக்கம்தான் மாறியது.

இதில் நமக்கு என்ன?

‘பொம்பளை வேலை’ என்று பேர் வைத்துவிட்டால் கூலி குறைகிறது. வீட்டு வேலை என்றால் கூலியே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு அரசின் கொள்கையாகச் சொல்கிறது. “இயற்கையே அப்படித்தான்” என்று நாமே ஒத்துக்கொண்டால் கூலியைக் கேட்க வாய் வராது. நம் பெண் பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்ப்போம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய

காலை முதல் இரவு வரை வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படம் போடலாம். உடம்பால் பெண் மட்டுமே செய்ய முடிந்த வேலைக்கு வட்டம் போடுங்கள். வட்டம் விழாத வேலைகளில் ஒன்றை இந்த மாதம் வீட்டு ஆண்களிடமோ, மகனிடமோ கொடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதற்கடுத்த கூட்டத்தில் பேசுவோம்.