கணினியில் தமிழ் சிதைந்தால்: காரணம் கண்டறியும் முறை

இராமேஸ்வரம் தீவுப் பகுதியில் பணிபுரியும் ஓர் ஆசிரியர் தேர்வு வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் தட்டச்சு செய்கிறார். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இராமநாதபுரத்தில் அச்சகம் ஒன்றை அடைகிறார். அங்கே திறந்தால் வினாத்தாள் முழுவதும் கட்டங்களாகத் தெரிகிறது. மறுநாள் தேர்வு. திரும்பிப் போய்த் திருத்தி வர நேரமில்லை. இப்படிப்பட்ட சூழல் நம்மில் பலருக்கும் புதிதல்ல.

இந்நேரத்தில் பெரும்பாலும் "கோப்பில் வைரஸ் வந்துவிட்டது", "கணினி சரியில்லை" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்யத் தொடங்குகிறோம். உண்மையில் இத்தகைய சிதைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அமைப்புகள்தாம். எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை, உரைத்தொகுப்பி ஆகிய நான்கின் அமைப்புகளில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். எது என்று கண்டறிந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். அதற்கான ஒழுங்குமுறையை இக்கட்டுரை தருகிறது.

முதலில் மூன்று சோதனைகள்

எதையும் மாற்றுவதற்கு முன் கோப்பை நகலெடுத்து வேறு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைகள் அனைத்தும் நகலில் மட்டுமே. பிறகு பின்வரும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

1. அதே மென்பொருளில் வேறொரு தமிழ்க் கோப்பு சரியாகத் திறக்கிறதா? திறந்தால் சிக்கல் முதல் கோப்பில் இருக்கிறது.

2. அதே கோப்பு, அதே கணினியில், வேறொரு மென்பொருளில் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் சிக்கல் மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது.

3. அதே கோப்பு வேறொரு கணினியில் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் முதல் கணினியில் எழுத்துரு போன்ற ஏதோ ஒன்று இல்லை.

அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்பது போலத்தான் இதுவும். ஒரே நேரத்தில் எழுத்துருவையும் மாற்றி, விசைப்பலகையையும் மாற்றி, மென்பொருளையும் மறுபடி நிறுவினால் சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

தோற்றமே துப்பு

சிதைந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலச் சிதைவதில்லை. சிதைவின் தோற்றத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லலாம்.

கட்டங்கள் தெரிந்தால்: எழுத்துகள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் காட்டும் எழுத்துரு மட்டும் அந்தக் கணினியில் இல்லை. லதா, நிர்மலா யுஐ போன்று விண்டோஸுடன் வரும் ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றிய பிறகும் கட்டமாகவே இருந்தால் அது டேஸ்16 குறியாக்கத்தில் அமைந்த கோப்பாக இருக்கலாம். அதற்குரிய எழுத்துரு தேவை.

ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தால்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு அது. பாமினியில் "தமிழ்" என்பது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி ஆங்கிலம் தெரிகிறது. அதே எழுத்துருவை நிறுவினால் உடனே சரியாகும். நிலையான தீர்வு, கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே.

கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால்: எச்சரிக்கை தேவை. நோட்பேடில் ஆன்சி என்ற குறியாக்கத்தில் சேமிக்கும்போது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாற்றப்பட்டிருக்கலாம். அப்படிச் சேமிக்கப்பட்டிருந்தால் அந்தக் கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது. முந்தைய நகலைத்தான் தேட வேண்டும். சேமிக்கும்போது "சில எழுத்துகள் இழக்கப்படும்" என்று நோட்பேட் எச்சரிக்கும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துவதே இழப்புக்குக் காரணம். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. பழைய கணினிகளில் சேமிக்கும் பெட்டியின் கீழே உள்ள குறியாக்கப் பட்டியலில் நாமே யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேலே குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால்: யுடிஎஃப்-8 கோப்பை மென்பொருள் வேறு குறியாக்கமாக எண்ணிப் படிக்கிறது. மாணவர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகப் பதிவிறக்கி, இருமுறை சொடுக்கி எக்செலில் திறக்கும்போது இது நேரும். அதைச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். எக்செலின் டேட்டா பகுதியில் உரைக்கோப்பிலிருந்து பெறும் வழியைத் தேர்ந்து, குறியாக்கமாக 65001 யுடிஎஃப்-8 என்பதைக் கொடுத்தால் பெயர்கள் சரியாக வரும்.

கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியே நின்றால்: எழுத்துகள் தவறான வரிசையில் உள்ளிடப்பட்டுள்ளன. பழைய தட்டச்சில் "தொ" எழுத முதலில் கொம்பு, பிறகு த, பிறகு கால். ஒருங்குறியில் முதலில் த, பிறகு ஒகரக் குறியீடு. தட்டச்சுப் பொறியில் பயின்ற கைகளுக்கு இது இயல்பாக நேரும். உரிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே வரிசையைச் சரிசெய்துகொள்ளும்.

கடல் ஏன் குடலாகிறது?

பாமினியில் தட்டச்சு செய்வோர் பலரும் கண்டிருக்கும் விந்தை இது. "கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது?" என்று வினா எழுதினால் "குடல் நீர்" என்று மாறிவிடும். மீண்டும் திருத்தினாலும் மீண்டும் மாறும். "தமிழ்" என்று வாக்கியத்தைத் தொடங்கினால் "துமிழ்" ஆகும்.

காரணம் எளிது. பாமினியில் சிறிய எஃப் என்பது க, பெரிய எஃப் என்பது கு. சிறிய ஜே என்பது த, பெரிய ஜே என்பது து. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம், ஆங்கிலம் என்று எண்ணித் தன் வேலையைச் செய்கிறது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் வழியாகவும், லிப்ரெஆபிஸில் டூல்ஸ் பட்டியிலும் ஆட்டோகரெக்ட் அமைப்பைத் திறந்து, வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவின் குறியை நீக்கிவிட்டால் போதும். ஒருங்குறியில் தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால் அங்கே இச்சிக்கல் எழாது.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உதவுகின்றன. கணித ஆசிரியர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மாற்றி மென்பொருளுக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பாமினிக் கோப்பை அப்படியே மாற்றினால் சமன்பாட்டில் உள்ள எக்ஸ் "ஒ" ஆகவும், ஒய் "ல" ஆகவும் மாறிவிடும். மாற்றிய பின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படிப்பது கட்டாயம்.

விசைப்பலகைச் சிக்கல்கள்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவானது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தன் குறியாக்கங்களாக ஏற்றது. இருந்தும் நம் பள்ளிக் கணினிகளில் பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, தமிழ்99 என மூன்றும் கலந்தே இருக்கின்றன. ஒருவர் மாற்றி வைத்ததை அடுத்தவர் அறியாமல் தட்டும்போது "கணினி தவறாக அடிக்கிறது" என்று தோன்றுகிறது.

தமிழ்99 இயங்குகிறதா என்று சோதிக்க நம் ஊர்ப் பெயர்களே போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும், ஒரே மெய் இருமுறை வந்தாலும் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும் என்பது தமிழ்99இன் விதி. ம, ண, ட, ப, ம என்று தட்டி இறுதியில் ஃ விசையை அழுத்தினால் "மண்டபம்" வர வேண்டும். த, ங, க, ச, ச, இ, ம, ட, ம, ஃ என்று தட்டினால் "தங்கச்சிமடம்" வர வேண்டும். புள்ளி தானாக விழவில்லையென்றால் வேறு விசைப்பலகை தேர்வாகியிருக்கிறது அல்லது அந்த மென்பொருளில் அவ்விதி செயல்படவில்லை என்று பொருள். புள்ளி வேண்டாத இடத்தில், "மமதை" போன்ற சொற்களில், இடையே அகரத்தைத் தட்ட வேண்டும்.

ஒரு விசைக்கு இரண்டு எழுத்துகள் வந்தாலோ, தொடர்பில்லாத எழுத்துகள் வந்தாலோ, இரண்டு உள்ளீட்டு முறைகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றனவா என்று பாருங்கள். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றைப் பயன்படுத்தும்போது விண்டோஸின் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றையொன்று குழப்பும்.

அளவை மாற்றினாலும் தமிழ் மாறவில்லை

பாணியில் எழுத்தின் அளவை 14 என்று கொடுத்த பிறகும் ஆங்கிலம் மட்டும் பெரிதாகி, தமிழ் பழைய அளவிலேயே நிற்பதுண்டு. வேர்ட், லிப்ரெஆபிஸ் ரைட்டர் இரண்டுமே தமிழைச் சிக்கலான வரிவடிவம் என்ற தனிப் பிரிவில் வைக்கின்றன. அப்பிரிவுக்கு எழுத்துருவும் அளவும் தனியே உண்டு. ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகள் பகுதிக்குச் சென்று காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் தெரிவைக் குறியிட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் எழுத்துப் பெட்டியில் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனியே தோன்றும். அங்கே இந்தி தேர்வாகியிருந்தால் பிழைதிருத்தியும் தமிழுக்குப் பயன்படாது.

அமைப்பே கெட்டுவிட்டால்

ரைட்டர் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, கருவிப்பட்டைகள் மறைந்துவிட்டன என்றால் பயனர் விவரக் கோப்புறை பழுதாகியிருக்கலாம். மழைக்காலத்தில் திடீரென மின்சாரம் நின்று கணினி அணைந்தால் அமைப்புக் கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றுவிட வாய்ப்புண்டு. பலரும் ஒரே பயனர் கணக்கில் பணிபுரியும் ஆய்வகத்தில் ஒருவர் செய்யும் மாற்றம் அனைவரையும் பாதிக்கும்.

மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதால் இது தீராமல் போகலாம். நீக்கும்போது பயனர் விவரக் கோப்புறை அப்படியே தங்கிவிடுவதே காரணம். ஹெல்ப் பட்டியில் பாதுகாப்பு முறையில் மீண்டும் தொடங்கும் தெரிவு உள்ளது. அம்முறையில் சரியாக இயங்கினால் சிக்கல் அமைப்பில்தான் என்று உறுதியாகும். முதலில் நீட்சிகளை முடக்கிப் பாருங்கள். பிறகு அமைப்புகளை மட்டும் மீட்டமையுங்கள். விவரம் முழுவதையும் மீட்டமைப்பது கடைசி வழி. அதில் நாம் சேர்த்த தானியங்கித் திருத்தங்களும் வார்ப்புருக்களும் போய்விடும்.

மாணவர் பெயரில் கூடுதல் கவனம்

வினாத்தாளில் நேரும் பிழையை அன்றே திருத்தலாம். பெயர்ப்பட்டியலில் நேரும் பிழை சான்றிதழ் வரை சென்று, மாணவரையும் பெற்றோரையும் அலுவலகம் அலுவலகமாக அலையவைக்கும். கடலுக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் வருமானம் போகும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கௌரி" என்பதில் ஔகாரக் குறியீட்டுக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டினால் பார்க்க ஒன்றே. தேடினால் கிடைக்காது. "ஔவை" என்பதன் முதலெழுத்தை ஒ, ள என்று தட்டுவதும் அப்படியே. "ஸ்ரீ" என்ற எழுத்தும் இரண்டு வகையாகக் குறியாக்கம் பெறுகிறது. ஐயம் வந்தால் எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்துப் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். ஔகாரக் குறியீடாக இருந்தால் "க" மட்டும் மிஞ்சும். ளகரமாக இருந்தால் "கெ" மிஞ்சும்.

வகுப்பறையில்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் சொற்செயலி இடம்பெறுவதால் இதை ஒரு பாடவேளைச் செயல்பாடாக்கலாம். இராமேஸ்வரம், தனுஷ்கோடி, பாம்பன், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, கௌரி, ஸ்ரீ ஆகியவற்றை ஒரு சோதனைக் கோப்பில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கொம்பு, கால், கிரந்தம், புள்ளி, ஐகாரம் என்று சிக்கல் தரும் வடிவங்கள் பலவும் இதில் உள்ளன. பிறகு குழுவுக்கு ஒரு நகல் கொடுத்து, ஆன்சியில் சேமித்தல், எழுத்துருவை மாற்றுதல், விசைப்பலகையை மாற்றுதல் என ஒவ்வொரு குழுவும் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யட்டும். அடுத்த குழு தோற்றத்தைக் கொண்டு காரணத்தைக் கூறட்டும். கண்டது, சோதித்தது, முடிவு என மூன்று பத்திகளில் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். அக்குறிப்பேடு ஆய்வகத்திலேயே இருந்தால் அடுத்த ஆண்டு மாணவருக்கும் புதிதாக வரும் ஆசிரியருக்கும் பயன்படும்.

அன்றாடப் பழக்கமாக நான்கைக் கொள்ளலாம். புதிய கோப்புகள் அனைத்தும் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்தல். அச்சுக்குச் செல்லும் கோப்போடு பிடிஎஃப் நகலையும் எடுத்துச் செல்லுதல். திருத்தக்கூடிய கோப்பில் எழுத்துருவை உட்பொதிக்கும் தெரிவைப் பயன்படுத்துதல். பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன் அச்சிட்டு, மாணவரையே தம் பெயரைப் படித்துக் கையொப்பமிடச் செய்தல். தம் பெயரில் உள்ள பிழையை மாணவரைவிட விரைவாகக் கண்டுபிடிப்பவர் வேறு யாரும் இல்லை.