பாட்டி வீட்டுக்கு டிஜிட்டல் பூட்டு: எந்தக் கதவில் தொடங்குவது?

சுங்கை லாலாங், பீடோங் பக்கத்துத் தாமான் வீடுகளில் இருட்டியதும் மூன்று பூட்டு விழும். கேட்டில் சங்கிலி போட்டு ஒன்று, இழுத்துச் சாத்தும் கிரிலில் ஒன்று, கடைசியாக மரக்கதவில் ஒன்று. சாவிக்கொத்து தலையணைக்கு அடியிலோ சாமி மேடை ஓரத்திலோ கிடக்கும். தனியாக இருக்கும் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டால், பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் 999-ஐ அழைக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடலாம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது மூன்று பூட்டையும் யார் திறப்பது? முதியவர் வீட்டில் டிஜிட்டல் பூட்டு இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். உதவிக்கு வருகிறவர் விரைவாக உள்ளே வர முடிகிறதா, பாட்டி தடையில்லாமல் வெளியே வர முடிகிறதா என்ற இரண்டை வைத்தே எந்தப் பூட்டையும் எடைபோடுங்கள். கைப்பேசியில் அழகாக மின்னும் செயலி அதற்கெல்லாம் பிறகுதான்.

அதனால் வேலையை ரோட்டில் நின்று தொடங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விலை உயர்ந்த பூட்டை வாங்கி மரக்கதவில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் கிரிலில் பழைய பூட்டு அப்படியே தொங்குகிறது. அந்தச் செலவு வீண். கேட்டுச் சங்கிலிக்கு எண் திருப்பும் சாதாரணப் பூட்டு போதும். டிஜிட்டல் பூட்டைக் கிரிலுக்குக் கொண்டுபோங்கள். கிரிலுக்கென்றே செய்த பூட்டுகள் கடைகளில் உண்டு. மரக்கதவை இரவில் சும்மா சாத்தி வைத்தால் போதும். கிரில் கம்பிக்குள் கைவிட்டு உள்பக்கக் குமிழைத் திருகிவிடுவானே என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். பூட்டைச் சுற்றி ஒரு கை எட்டாத அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சாரல் அடிக்கும் இடமாக இருந்தால் மழை தாங்கும் பூட்டா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளிருந்து திறக்கச் சாவியோ எண்ணோ தேவைப்படக் கூடாது, திருகினால் திறக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டுக்குள் சாவி தேடும் கிரில், திருடனைவிட ஆபத்தானது. மரக்கதவில்தான் மாட்டுவேன் என்றால், கிரில் பூட்டைக் கைவிடத் தயாராக இருக்க வேண்டும். கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள், பல பூட்டுகள் 35 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கதவில் சரியாக உட்காராது. மழைக்காலத்தில் ஊதிப்போய் இழுத்தால்தான் சாத்தும் கதவாக இருந்தால் முதலில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்லுங்கள்.

அடுத்தது, திறக்கும் முறை. விரல் ரேகைதான் சுலபம் என்று கடைக்காரர் சொல்வார். வாலிபருக்குச் சரி. வயது ஏற ஏற விரல் நுனி காய்ந்து ரேகை மேடு தட்டையாகிவிடும். கை வேலை செய்தவர்களுக்கு இன்னும் மோசம். பல வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மங்கு கழுவி, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தில் கை பட்ட ஒருவரின் கட்டைவிரலைப் பூட்டு நாலு தடவை மறுத்துவிட்டு ஐந்தாவது தடவை கூவும். அதோடு பல பூட்டுகள் கொஞ்ச நேரம் யாரையும் உள்ளே விடாது. ஆகவே கடையிலேயே பாட்டியின் விரலை வைத்துப் பாருங்கள். தடுமாறினால் எண் பலகையும் தொட்டால் திறக்கும் அட்டையும் உள்ள பூட்டாக எடுங்கள். மைகார்டின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி என்பது ஊருக்கே தெரியும், அதை எண்ணாக வைக்காதீர்கள். பாட்டிக்கு மனப்பாடமான வேறொரு எண், பழைய லயத்து வீட்டு எண்ணையும் பேரன் பள்ளி முடித்த வருஷத்தையும் சேர்த்ததாகக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறு எண், வீடு கூட்ட வருகிறவருக்கு வேறு எண். யாராவது வேலையை விட்டுப் போனால் அவர் எண்ணை மட்டும் அழித்துவிடலாம். சாவியால் முடியாத காரியம் இது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகாது, பெரும்பாலான வீட்டுப் பூட்டுகள் பேட்டரியில் ஓடுபவை. உண்மையான தொல்லை பேட்டரி தீர்வதுதான். தீரும் முன் பூட்டு கீச்சென்று எச்சரிக்கும். ஆனால் முதுமையில் காது முதலில் இழப்பதே இந்த மெல்லிய உயர் ஒலியை. எனவே பூட்டு சொல்லும் என்று காத்திருக்காமல் தை முதல் நாளும் ஆடி முதல் நாளும் பேட்டரி மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்கலைன் பேட்டரியே போடுங்கள். சார்ஜ் ஏற்றும் வகையின் மின்னழுத்தம் குறைவு, பூட்டின் கணக்கைக் குழப்பும். வெளிப்புறத்தில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு வைக்கவோ பவர் பேங்க் சொருகவோ இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த பாட்டியின் பின்னால் கதவு பூட்டிக்கொண்டால், கையில் போனும் இருக்காது, பதற்றத்தில் எண்ணும் வராது. மறந்துபோய்த் திறந்தே விட்டுவிடுவாரே என்றால், திறந்த கதவைப் பற்றிப் பிள்ளைக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை மாட்டுங்கள். நினைவு மறதி நோய் முற்றியவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவருக்கு வேண்டியது உடன் இருக்கும் ஆள்.

இணையம் இல்லாத வீட்டிலும் பூட்டு வேலை செய்ய வேண்டும்; எண்கள் பூட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். சாவித் துவாரம் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் இணையம் வழியாகத் தவறான மென்பொருளை அனுப்பியதில் ஏறக்குறைய 500 பூட்டுகளின் எண் பலகை செயலிழந்தது. சாவி வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள்.

இவ்வளவு எதற்கு, பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்தால் போதாதா? பல குடும்பங்களுக்குப் போதும். எண் திருப்பித் திறக்கும் சாவிப் பெட்டி ஒன்றைச் சுவரில் அடித்தால் இன்னும் நல்லது, செலவும் சொற்பம். பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி ஊரில் இல்லை, வந்துபோகும் ஆட்கள் மாறுகிறார்கள் என்றால் மட்டுமே டிஜிட்டல் பூட்டுக்கு அர்த்தம் உண்டு. வாங்கும் முன் பாட்டியிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: யார் எப்போது வந்தார் என்பதைப் பூட்டு எழுதி வைக்கும், அது மகன் போனுக்குப் போகும். அவர் வேண்டாம் என்றால் செயலியை இணைக்காமலே பூட்டைப் பயன்படுத்தலாம்.

மாட்டி முடித்த அன்று இரவே பாட்டியை உள்ளே உட்கார வைத்து, முன்வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவை ரோட்டிலிருந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எந்தக் கதவில் தடுமாறுகிறாரோ அந்தக் கதவில் வேலை பாக்கி இருக்கிறது.