ஆசிரியப் பயிற்சியும் மாணவர் உளவளத்துணையும்

கற்பித்தலைக் கலையென்பாரும் அறிவியலென்பாரும் உளர். எவ்வாறாயினும், அது பயின்று பெறற்பாலதென்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர். எங்கே பயில்வது, எவ்வாறு பயில்வது என்று வினவும்பொழுதே கருத்து வேறுபடுகின்றது. எம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியராய் விளங்குவோர் பலர். தம் மக்களை ஆசிரியரிடத்து ஒப்புவித்திருப்போர் அவரினும் பலர். ஆதலின், இவ்விழா மலரில் இப்பொருளைச் சிறிது ஆராய முற்பட்டோம்.

நன்னூல் காட்டும் அளவு

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கன் கல்வி நிரம்பும் முறையைக் கூறுமிடத்து ஓர் அளவு வகுத்துள்ளார். ஆசிரியன் உரைத்ததனை முற்றக் கொண்டானாயினும் அவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வந்தெய்தும். எஞ்சிய அரைப்பங்கோ தான் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்பது அவர் கருத்து. இது மாணாக்கனை நோக்கிக் கூறியதேயாயினும், ஆசிரியப் பயிற்சியை அளந்தறிதற்கு இதனினும் சிறந்த கோலை யாம் கண்டிலேம். விரிவுரை மண்டபம் காற்பங்கு. உடன்பயில்வாரோடு செய்யும் ஆராய்வு காற்பங்கு. பிள்ளைகள் முன் நிற்கும் வகுப்பறை அரைப்பங்கு என்க.

திண்ணையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

இவ்வரைப்பங்கினை நம் முன்னோர் திண்ணைப் பள்ளியிலே கையாண்டனர். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் இளையோர்க்கு எழுத்தறிவித்தான். அறிவித்தலால் தானும் தெளிந்தான். ஸ்கொத்லாந்து தேசத்தவராகிய அன்ட்ரூ பெல் என்பார் 1789 இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். அந்நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என அது பிரித்தானியாவிற் பரவியது.

ஆயின், கண்காணிப்பார் குறைந்தவிடத்து அம்முறை வெறும் உருப்போடலாய் முடிந்தது. ஆசிரியர்க்கெனத் தனிப் பயிற்சிச்சாலைகள் வேண்டுமென்னும் எண்ணம் வலுப்பெற்றது. பெல் விட்டுச்சென்ற அறநிதியைக் கொண்டே 1876 இல் எடின்பரோ, செயின்ற் அன்ட்ரூஸ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் கல்வித்துறைப் பேராசிரியர் பதவிகள் நிறுவப்பட்டன. தமிழகத்து மணலிற் கண்ட முறையாற் பெயர் பெற்றாரது செல்வம் பல்கலைக்கழகத்திலே கல்வியியலுக்கு இருக்கை தேடித்தந்தது வியத்தற்குரியதன்றோ!

ஈழத்தில் ஆசிரியப் பயிற்சி

நம் நாட்டில், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபொழுது, தம்மிடம் பாடங்கேட்டோரையே ஆசிரியராக்கினார். பின்னர் 1928 இல் திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலை எழுந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நெடுங்காலம் அங்கே விரிவுரையாளராயிருந்து பல ஆசிரியரை உருவாக்கினார்கள். 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர்க் கல்வித்துறையை அமைத்துப் பட்டதாரிகட்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா வழங்கலாயிற்று. 1985 இல் தேசிய கல்வி நிறுவகமும், 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தேசிய கல்வியியற் கல்லூரிகளும் தோன்றின.

இன்று பயிற்சிக்கு வழிகள் பல. கல்வியியற் கல்லூரியிற் சேர்வோர் ஈராண்டு அங்கே கற்று, மூன்றாம் ஆண்டிற் பாடசாலையொன்றிற் கட்டுறு பயில்வு மேற்கொள்வர். நன்னூலின் அரைப்பங்கிற்கு இது அணித்தாக வருவது. பட்டதாரிகளுட் பலரோ, நியமனம் பெற்று வகுப்பேறிய பின்னரே டிப்ளோமாக் கல்விக்குச் செல்வர். அதுவும் பெரும்பாலும் வாரவிறுதி நாள்களில். முதலில் அரைப்பங்கும் பின்னர்க் காற்பங்கும் பெறும் இம்முறையில், இடைப்பட்ட காலத்து மாணவர்நிலை யாதெனச் சிந்தித்தல் வேண்டும். தம் பாடத்தில் வல்ல ஒருவர், பிள்ளை ஏன் விளங்கிலன் என்பதனை அறியாது இடர்ப்படுதல் அவர்தம் குற்றமன்று. அருகிருந்து காட்டுவார் இல்லாமையே குற்றம்.

காண்பார் ஒருவர் வேண்டும்

வகுப்பில் நிற்றல் மாத்திரையானே பயிற்சியாகாது. இருபது ஆண்டு நின்றும் முதலாண்டில் செய்ததனையே இருபது முறை செய்வாரும் உளர். செய்ததனைக் கண்டு எடுத்துரைப்பார் ஒருவர் வேண்டும். லகர ளகர ழகர வேறுபாட்டினை ஆறாம் வகுப்பிற் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவரைக் கொள்வோம். பாடம் இனிதே முடிந்தது. எல்லாரையும் வினவினேன் என்று அவர் கருதுவார். பின்வரிசையில் இருந்த முதிய ஆசிரியரோ, வகுப்பின் இருக்கைகளைத் தாளில் வரைந்து, வினா எய்திய இடந்தோறும் புள்ளியிட்டு வைத்திருப்பார். புள்ளிகள் யாவும் முன்னிரு வரிசைகளிலேயே செறிந்திருக்கும். அத்தாளைக் கண்ட இளம் ஆசிரியர் மறுநாள் பின்வரிசைக்குச் செல்வார். ஒரு நாள் விரிவுரை செய்யாததனை அவ்வொரு தாள் செய்துவிடும்.

செவிகொடுத்தலும் பயிலற்பாலதே

நிற்க. பாடசாலையில் உளவளத்துணை புரிவாரை ஆயத்தஞ் செய்தல் இதனினும் நுண்ணிது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1957 இல் உருசியர் விண்வெளிக்குச் செயற்கைக் கோள் அனுப்பியதைக் கண்டு எழுந்த பரபரப்பால், 1958 இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் பாடசாலை ஆலோசகரைப் பயிற்றப் பல்கலைக்கழகங்கட்குப் பொருள் வழங்கியது. அறிவியலில் வல்ல மாணவரைக் கண்டெடுத்தலே அதன் நோக்கம். நம் நாட்டிலோ தேவை வேறு வாயிலாக வந்தது. 2009 வரை நீடித்த போரும், 2004 மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும் பிள்ளைகளின் உள்ளத்தைப் புண்படுத்தின. இன்று எம் வகுப்புகளில் இருப்போர் பெரும்பாலார் போர் முடிந்தபின் பிறந்தோரே. எனினும், இழந்தோர் வீட்டில் வளர்வோர் அவருட் பலர். தந்தையோ தாயோ பிறநாட்டில் உழைக்கப் பாட்டியிடம் வாழ்வோரும் உளர்.

கார்ல் ரொஜர்ஸ் என்னும் உளவியலறிஞர் ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தபொழுது, ஆலோசனை உரையாடல்களை ஒலித்தட்டிற் பதிவு செய்து, அவற்றைக் கொண்டே மாணவரைப் பயிற்றினார். ஓர் உரையாடல் முழுவதையும் சொல்லுக்குச் சொல் தம் 1942 ஆம் ஆண்டு நூலிலும் அச்சேற்றினார். மூடிய கதவினுள் நிகழ்வதனைக் குரு காண்பதற்கு அஃது ஒரு வழியாயிற்று. "பள்ளிக்கு வர விருப்பமில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னவுடனே, கல்வியின் பெருமையை எடுத்தோதுதல் ஆசிரியர்க்கு இயல்பு. பிள்ளையோ அவ்வளவில் வாய் மூடிவிடும். "என்ன நேர்ந்தது என்று சொல்ல விரும்புகின்றாயா?" எனக் கேட்டுப் பொறுத்திருத்தல், பேசுவதனையே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு எளிதன்று. அது பயிலற்பாலது.

துணைபுரிவார் அறிய வேண்டிய எல்லைகளும் உள. கேட்டதனை ஆசிரியர் கூடத்திற் பேசலாகாது. ஆயினும், பிள்ளையின் உயிர்க்கோ உடலுக்கோ இடர் உளதெனின் அதனை மறைத்து வைத்தலும் ஆகாது. உரியாரிடத்துத் தெரிவித்தே ஆகவேண்டும். தம்மால் ஆகாததனை உளமருத்துவரிடத்து ஒப்படைத்தலும் கடமையே. இவ்வெல்லைகளைத் தேர்விற்கு எழுதிவிடலாம். ஒரு பிள்ளை அழுதுகொண்டு எதிரில் இருக்கும்பொழுது கடைப்பிடித்தற்கோ, வழிகாட்டுவார் முன் பழகியிருத்தல் வேண்டும். இன்னுமொன்று: காலையிற் பிரம்போடு வாயிலில் நின்று தாமதித்தாரைத் தடுப்பவரே மாலையில் உளவளத்துணையாளராய் இருப்பின், எப்பிள்ளை அவரை நாடி வரும்?

எம் கல்லூரியால் ஆவன

பல்கலைக்கழகம் காற்பங்கு தரும். பயில்வோர் தம்முட் காற்பங்கு தேடுவர். அரைப்பங்கோ பாடசாலையினிடத்தே உளது. ஆகவே, ஆசிரியப் பயிற்சி பல்கலைக்கழகத்தின் பணி மாத்திரமன்று; எம் போன்ற கல்லூரிகளின் பணியுமாம். பயில வரும் இளையோரை விடுமுறையில் நிற்பார்க்குப் பதிலாளராய் வகுப்பில் விட்டுவிடாது, மூத்த ஆசிரியர் ஒருவர் கிழமைதோறும் பின்வரிசையில் இருந்து காணுதல் வேண்டும். உளவளத்துணை ஆசிரியர்க்கு நேரசூசியில் நிலையான பாடவேளைகள் ஒதுக்கி, ஒழுக்கக் கண்காணிப்பிலிருந்து அவரை விடுவித்தல் வேண்டும்.

மாடமும் மண்டபமும் வாயில்வளைவும் எழுப்பித் தந்த பழைய மாணவர்களை இக்கல்லூரி என்றும் மறவாது. இவ்விழா ஆண்டில் மற்றுமொன்று வேண்டுகின்றோம். கதவு மூடக்கூடியதும், அலுவலகத்திற்குச் சிறிது அப்பாலுள்ளதும், இரு நாற்காலிகள் கொள்வதுமாகிய ஒரு சிற்றறை போதும். அதற்குப் பெயர்ப்பலகையும் வேண்டா; உள்ளே செல்லும் பிள்ளையைப் பிறர் சுட்டாதிருத்தற்கு அதுவே நன்று. மருத்துவராகவும் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் விளங்கும் பழைய மாணவர்கள் திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதை எம் ஆசிரியர்க்கு ஈவாராயின், அவ்வறை பயனுறும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மடியில் வளரும் பிள்ளைகள் அச்சமின்றிக் கற்க.